நண்பர்களோடு சந்தாவைப் பங்கிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் வாடகை வீடு எடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர்கள் வாடகையும் மின்சாரமும் பங்கிட்ட காலம் போய், இப்போது நெட்ஃபிளிக்ஸ், ஸ்போட்டிஃபை, யூடியூப், யூனிஃபை வீட்டு இணையம், கூகள் சேமிப்பிடம் என்று மாதா மாதம் ஓடும் சந்தாக்களையும் பங்கிடுகிறார்கள். பெயர் ஒருவருடையது, காசு பலருடையது. தொகை சிறியதுதான், ஆனால் அதனால் வரும் மனக்கசப்பு சிறியதாக இருப்பதில்லை. செத்தாபாக், வங்சா மாஜூ, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலைகள் அடிக்கடி ஏறுவதால் கணக்குகளுக்கு எளிதான எண்களையே வைத்திருக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமமாகப் பிரித்துவிட்டால் போதாதா?

பல வீடுகளில் போதும். நான்கு பேர், ஒரே கூரை, நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி பயன்படுத்துகிறார்கள் என்றால் நான்காக வகுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஆனால் சமமாக வகுத்த பிறகும் ஒருவர் கைக்காசு மட்டும் கரைந்துகொண்டே இருக்கும். யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ அவர். அவரைக் கணக்குக்காரர் என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூவரில் யார் மறந்தாலும் அவர் கார்டில் முழுத்தொகையும் பிடித்துவிடுவார்கள். டிவியில் கணக்கு வெளியேறிவிட்டால் இரவு பதினொரு மணிக்கு அவருக்குத்தான் போன். ஓடிபி அவர் கைப்பேசிக்குத்தான் வரும். விலை ஏறினால் அந்தச் செய்தியைச் சொல்லி மற்றவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டியவரும் அவரே.

அதனால் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: கணக்குக்காரர் கையிலிருந்து அவருடைய பங்குக்கு மேல் ஒரு காசுகூடப் போகக்கூடாது. யார் அதிகம் பார்க்கிறார், யார் சம்பளம் குறைவு என்பதையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் பேச்சுக்கு விடாதீர்கள்.

அப்படியானால் கணக்குக்காரர் குறைவாகக் கட்டலாமா?

தாராளமாக. மொத்தம் 64.80 வெள்ளி (ரிங்கிட்), நான்கு பேர் என்றால் ஆளுக்கு 16.20. மற்ற மூவரும் 17 வெள்ளியாகப் போட்டால் 51 சேரும், கணக்குக்காரர் 13.80 கட்டுவார். மூவரில் ஒவ்வொருவருக்கும் கூடுவது 80 காசு. அவர் படும் பாட்டுக்கு இது அதிகமில்லை. கார்டில் வரும் புள்ளிகளும் கேஷ்பேக்கும் அவருக்கே சேரட்டும், அதில் பங்கு கேட்காதீர்கள்.

கிரெடிட் கார்டு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து வாங்குகிறார்கள். அதை நண்பர்கள் தலையில் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தச் சந்தாவுக்காகவே எடுத்த கார்டு என்றால் கேட்கலாம். எப்படியும் வைத்திருக்கும் கார்டுக்கு வேண்டாம்.

விளம்பரத்தில் போட்ட விலையைப் பிரிப்பதா, பில்லில் வந்ததையா?

பில்லில் வந்ததை மட்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் டிஜிட்டல் சேவைகளுக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி உண்டு. முதலில் 6 விழுக்காடு, 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. வரி சேர்க்காமல் 60 வெள்ளி என்று போட்டிருந்தால் கார்டில் போவது 64.80. நால்வரும் தலைக்கு 15 என்று பேசி வைத்திருந்தால் மாதம் 4.80 யாருடையது? கணக்குக்காரருடையது. ஆண்டுக்கு 57.60, கிட்டத்தட்ட ஒரு மாதச் சந்தாவே போய்விட்டது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. முதல் நாள் பேசிய எண்ணை மாற்ற வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே வாட்ஸ்அப் குரூப்பில் முதல் நாளே பில்லைப் படம் பிடித்துப் போடுங்கள். விலை ஏறும்போது புதிய பில்லையும் போடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

டாலரில் கட்டும் சந்தாவுக்கு எந்த விலையை எடுப்பது?

வங்கி ஸ்டேட்மென்டில் வெள்ளியில் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள், அதுதான் விலை. கைப்பேசியில் அன்றைய மாற்று விகிதத்தைத் தேடிப் போடாதீர்கள், வங்கி அந்த விகிதத்தில் பிடிப்பதில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் 4.80 வெள்ளியை நெருங்கியது. 2025-இல் 4.20 அளவுக்கு இறங்கியது. 20 டாலர் சந்தா ஒரு காலத்தில் 96, இன்னொரு காலத்தில் 84. ஏறும்போது கூடக் கேட்பவர் இறங்கும்போது குறைத்தும் வாங்க வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் பெரிய டிவி. அவருக்காக எல்லோரும் விலை கூடிய திட்டத்துக்குக் காசு போட வேண்டுமா?

யாருக்காக ஏறினோம் என்று பாருங்கள். சாதாரணத் திட்டம் வரியோடு 48.60, உயர்ந்த திட்டம் 64.80 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேரில் மூவர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் 4கே படத்தெளிவு வேண்டும் என்றால் அடிப்படை விலையை நான்காக வகுத்து ஆளுக்கு 12.15, இடையில் உள்ள 16.20-ஐ அவரே ஏற்று மொத்தம் 28.35 கட்டட்டும். இருவர் கேட்டால் அந்த 16.20 இரண்டாகும், ஆளுக்கு 20.25.

ஆனால் உயர்ந்த திட்டம் படத்தெளிவு மட்டும் தருவதில்லை. நெட்ஃபிளிக்ஸில் ஸ்டாண்டர்டு என்றால் ஒரே நேரத்தில் இரண்டு திரை, பிரிமியம் என்றால் நான்கு. வேலை முடிந்து எல்லோரும் ஒன்பது மணிக்குத்தான் உட்காருகிறீர்கள், மூன்றாவது ஆளுக்குத் திரை கிடைக்கவில்லை என்பதால் ஏறியிருந்தால் அது எல்லோருக்குமான செலவு. பெரிய டிவிக்காரர் மேல் சுமத்துவது நியாயமில்லை.

கூட இருந்தவர் ஜொகூர் பாருவுக்கு மாறிவிட்டார். நெட்ஃபிளிக்ஸில் அவரை வைத்திருக்கலாமா?

2023 மே மாதத்திலிருந்து மலேசியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கு மட்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. வெளியே இருப்பவரைக் கூடுதல் உறுப்பினராகக் காசு கட்டிச் சேர்க்கலாம். அறிமுகமானபோது மாதம் 13 வெள்ளி. ஸ்டாண்டர்டில் ஒருவர், பிரிமியத்தில் இருவர் வரை. அவருக்குத் தனி பாஸ்வேர்ட் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பார்க்க முடியும். கணக்குக்காரர் இருக்கும் நாட்டிலேயே அவரும் இருக்க வேண்டும். ஜொகூர் பாரு என்றால் சரி. பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் குடியேறிவிட்டால் முடியாது.

பங்கை எப்படிப் போடுவது? வீட்டில் மூவர், திட்டம் 64.80, கூடுதல் உறுப்பினர் 13. எல்லாவற்றையும் கூட்டி நான்காக வகுத்தால் ஆளுக்கு 19.45. தனியாக வைத்தால் வீட்டிலுள்ளவர்கள் ஆளுக்கு 21.60, அவர் 13. அவர் 13-க்குக் கீழே கொடுத்தால் மற்றவர்கள் அவருக்காகக் கட்டுகிறார்கள் என்று பொருள். 19.45-க்கு மேல் வாங்கினால் அவர் மற்றவர்களுக்காகக் கட்டுகிறார். வீட்டிலுள்ளவர்களுக்கு நான்கு திரை, அவருக்கு ஒன்றுதான் என்பதால் 13-ஐயே நான் நியாயமாக நினைக்கிறேன்.

மொத்தமாகப் பிரிந்து போகிறார் என்றால் அவருடைய புரொஃபைலை வேறு கணக்குக்கு மாற்றும் வசதி 2022-இலேயே வந்துவிட்டது. பார்த்தது, பாதியில் விட்டது, பட்டியலிட்டது எல்லாம் கூடவே போகும். கணக்கிலிருந்து நீக்குவதற்கு முன் அதைச் செய்து கொடுங்கள்.

ஸ்போட்டிஃபை, யூடியூப் குடும்பத் திட்டத்தில் நண்பர்களைச் சேர்க்கலாமா?

இரண்டிலும் மொத்தம் ஆறு பேர். இரண்டுமே உறுப்பினர்கள் ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தினராக இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. கெப்போங்கில் ஒருவர், கிள்ளானில் ஒருவர், ஈப்போவில் ஒருவர் என்று சேர்த்தால் அது விதிக்குப் புறம்பு. என்றாவது நிறுவனம் சரிபார்த்தால் வேறு முகவரியில் இருப்பவர்கள் துண்டிக்கப்படலாம், பதில் சொல்ல வேண்டியவர் கணக்குக்காரர் மட்டும். மாதம் ஏழெட்டு வெள்ளி மிச்சத்துக்காக ஒரு நண்பரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒரே வீட்டில் இருவர் தங்கியிருந்தால் ஸ்போட்டிஃபையின் டுவோ இருக்கிறது. ஒரே முகவரியில் வாழும் இருவருக்கு என்றே வைத்த திட்டம். வேறு வேறு வீட்டில் இருப்பவர்கள் கணக்கைப் பங்கிடாமல் காலத்தைப் பங்கிடலாம். இந்த இரண்டு மாதம் ஒருவர் ஒரு சேவைக்குச் சந்தா கட்டுகிறார், அடுத்த இரண்டு மாதம் இன்னொருவர் வேறொன்றுக்கு. மாதச் சந்தாக்களில் பெரும்பாலானவற்றை நினைத்தபோது நிறுத்திக்கொள்ளலாம். சனிக்கிழமை இரவு எல்லோரும் அவர் வீட்டில் கூடிப் படம் பார்த்தால் எந்த விதியும் மீறப்படுவதில்லை, பாஸ்வேர்டும் கைமாறுவதில்லை.

நண்பரின் கூகள் குடும்பக் குழுவில் சேருமுன் எதைப் பார்க்க வேண்டும்?

இது பலரைச் சிக்க வைக்கும் இடம். யூடியூப் குடும்பத் திட்டமும் கூகள் ஒன் சேமிப்பிடப் பங்கீடும் ஒரே குடும்பக் குழுவில் ஓடுகின்றன. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவில்தான் இருக்க முடியும், 12 மாதத்துக்கு ஒரு முறைதான் குழு மாறலாம். வங்சா மாஜூ நண்பரின் குழுவில் யூடியூபுக்காகச் சேர்ந்துவிட்டு, பிறகு சுங்கை பட்டாணியில் இருக்கும் அம்மாவின் படங்களைப் பத்திரப்படுத்த உங்கள் தம்பி தொடங்கிய குழுவுக்குத் தாவினால், அந்த ஆண்டில் மறுபடி மாற வழியில்லை.

கூகள் ஒன்னில் இன்னொன்று: உங்கள் படங்களை மற்றவர் பார்க்க முடியாது, ஆனால் இடம் எல்லோருக்கும் பொது. ஒருவர் கல்யாண வீடியோவை ஏற்றினால் எல்லோருக்கும் இடம் நிறைந்துவிடும். மைக்ரோசாஃப்ட் 365 குடும்பத் திட்டத்தில் இந்தச் சண்டை இல்லை. ஆறு பேருக்கும் தலைக்கு 1 டெராபைட், அவரவர் கணக்கில். கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆப்பிள் குடும்பப் பகிர்வில் பர்ச்சேஸ் ஷேரிங் திறந்திருந்தால் உறுப்பினர் வாங்கும் செயலிக்கும் தலைவர் கார்டிலிருந்து காசு போகும். சந்தாவை மட்டும் பகிர வேண்டுமென்றால் அதை மூடிவிடுங்கள்.

ஆறு இடம் உள்ள திட்டத்தில் நான்கு பேர்தான் இருக்கிறோம். காலி இடத்துக்கு யார் கட்டுவது?

இருப்பவர்கள்தான். மொத்தம் 32.40 என்றால் ஆறு பேருக்கு 5.40, நான்கு பேருக்கு 8.10. ஆள் சேரும் என்ற நம்பிக்கையில் 5.40 மட்டும் வாங்கிவிட்டுக் காலி இடத்தைக் கணக்குக்காரர் தாங்குவது வழக்கமாகிவிட்டது, அதை நிறுத்துங்கள். இன்று இருக்கும் தலைகளை எண்ணி வகுங்கள், ஆள் சேர்ந்தால் எல்லோருக்கும் இறங்கும். அப்போதுதான் எல்லோருமே ஆள் தேடுவார்கள்.

ஒருவர் மட்டும் படிக்கும் பிள்ளை. அவரிடம் சமபங்கு வாங்க மனம் வரவில்லை.

வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

சம்பள ஸ்லிப்பைக் கேட்டு விழுக்காடு போடுவது நண்பர்களுக்குள் அழகில்லை. வேலைக்குப் போகும் மூவரும் முதலில் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். 64.80-இல் மூவரும் ஆளுக்கு 18.60 போட்டால் 55.80. மாணவருக்கு 9 வெள்ளி. மாதம் 2.40 கூடக் கொடுப்பது மூவரில் யாருக்கும் பாரமாக இருக்காது. ஒன்பதும் வேண்டாம், சும்மா பார்க்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சமாவது வாங்குங்கள் என்பேன். காசு கொடுப்பவருக்கு என்ன பார்க்கலாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது, சும்மா பார்ப்பவர் வாய் திறக்கத் தயங்குவார்.

எதுவரைக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்: படிப்பு முடிந்து முதல் சம்பளம் வரும் வரை. இந்தச் சலுகைக்கு வேறு வழியில் கூலி வாங்காதீர்கள். “நீதான குறைச்சலா போடுற, போய் நாலு நாசி லெமாக் தாப்பாவ் பண்ணிட்டு வா” என்று ஆறு மாதமாக ஒரு பிள்ளையைக் கடைக்கு ஓட விடும் வீடுகள் இருக்கின்றன. அந்த 7.20 வெள்ளிச் சலுகைக்கு அவர் கொடுக்கும் விலை ரொம்ப அதிகம்.

காசு வசூலிக்க எது நல்ல வழி?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முன்கூட்டியே. 16.20-ஐ ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை கேட்பதைவிட 48.60-ஐ நான்கு தடவை கேட்பது இருவருக்கும் நிம்மதி.

தேதியை 8 என்று வையுங்கள். சிலருக்கு 25-ஆம் தேதியே சம்பளம் ஏறிவிடும், சிலருக்கு அடுத்த மாதம்தான். 1955 வேலைச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எட்டாம் தேதி என்றால் எல்லோர் கையிலும் காசு இருக்கும்.

வங்கிச் செயலியில் உள்ள டூயிட்நவ் என்ற உடனடிப் பணம் அனுப்பும் வசதி போதும். கைப்பேசி எண்ணுக்கே அனுப்பலாம், அந்த நொடியே வந்துவிடும். தனிநபர்கள் 5,000 வெள்ளி வரை உடனடியாக அனுப்புவதற்கு 2018 ஜூலை முதல் வங்கிகள் கட்டணம் வாங்குவதில்லை. குறிப்பு எழுதும் இடத்தில் சேவையின் பெயரையும் மாதங்களையும் போடச் சொல்லுங்கள். ‘பணம்’ என்று மட்டும் எழுதினால், ரொட்டி சானாய் சாப்பிட்ட காசா சந்தாக் காசா என்று மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேட்கும் விதமும் முக்கியம். குரூப்பில் “பில் வந்துருச்சு, கொஞ்சம் பாருங்க” என்று போட்டால் யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொகை, மாதம், தேதி மூன்றும் இருக்க வேண்டும்:

“மச்சான், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் 48.60. எட்டாம் தேதிக்குள்ள போட்டுடு. டூயிட்நவ்ல என் நம்பர்தான்.”

வயதில் மூத்தவர் என்றால்:

“அண்ணே, இந்த மூணு மாசத்துக்கு உங்க பங்கு 48.60 வருது. எட்டாம் தேதிக்குள்ள போட்டுட்டீங்கன்னா நான் கட்டிடுவேன்.”

மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். உங்கள் காசைத்தான் கேட்கிறீர்கள்.

கேட்டும் கொடுக்காதவரை என்ன செய்வது?

குரூப்பில் பெயர் சொல்லாதீர்கள். எட்டாம் தேதி போனால் தனியாக ஒரு செய்தி. நான்கைந்து நாளில் பதில் இல்லையென்றால் போன். அப்போதும் நழுவினால் அடுத்த சுற்றில் அவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு, மற்றவர்களோடு புதிய பங்கைப் பேசுங்கள்.

கையில் இல்லாமல் தராதவரையும், இருந்தும் தர மனமில்லாதவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வேலை போயிருக்கலாம், ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருக்கலாம். அதை வாட்ஸ்அப்பில் எழுத யாருக்கும் கூசும். மாமாக் கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து நேரில் கேளுங்கள். முடியாத நிலை என்றால் ஒரு சுற்றை எல்லோருமாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், கணக்குக்காரர் மட்டும் தாங்க வேண்டாம்.

பாதியில் ஒருவர் விலகினால்?

மாதச் சந்தா என்றால் எளிது. ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், கட்டிய காலம் முடியும் வரை பார்க்கலாம். கோபத்தில் பாதி மாதத்தில் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், அது அவர் காசு கொடுத்து வாங்கிய நாள். நால்வர் மூவரானால் 16.20 என்பது 21.60 ஆகும். அது கட்டுப்படியாகுமா என்று மூவரும் யோசிக்க அந்த ஒரு மாதம் தேவை.

ஆண்டுச் சந்தா கொஞ்சம் மலிவாக வரும், ஆனால் ஐந்தாம் மாதமே ஒருவர் கிளம்பினால் மிச்சம் ஏழு மாதம் யாருக்கு? ஆண்டுக்கு ஒப்புக்கொண்டவர் ஆண்டுக்குக் கட்டியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தால், புதியவர் அந்த ஏழு மாதத்துக்கான தொகையை விலகுபவரிடம் கொடுக்கட்டும். கணக்குக்காரர் திருப்பித் தர வேண்டியதில்லை.

வீட்டு இணையம்தான் பெரிய தலைவலி. யூனிஃபை போன்றவற்றில் பொதுவாக 24 மாத ஒப்பந்தம், இடையில் துண்டித்தால் அபராதம். வீட்டு வாடகை ஒப்பந்தமோ பெரும்பாலும் ஓராண்டு. மற்றவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள், பில் மட்டும் கையெழுத்துப் போட்டவர் பெயரில் வந்துகொண்டே இருக்கும். கட்டாமல் விட்டால் அவர் பெயர்தான் சீடிஓஎஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் ஏறலாம், நாளைக்குக் கார் கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். வீடு எடுக்கும்போது இரண்டு மாத முன்பணமும், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதமும் வைக்கிறோம் இல்லையா, இணையத்துக்கும் அதேபோல ஆளுக்கு ஒரு மாதப் பங்கை முன்பணமாக வாங்கி வையுங்கள். அபராதம் வந்தால் அந்த நேரத்தில் வீட்டில் இருந்த எல்லோருக்கும் பங்குண்டு என்று குரூப்பில் எழுதி, ஒவ்வொருவரும் ‘சரி’ என்று பதில் போட வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு வழக்குப் போடலாம். நண்பர்களுக்குள் அங்கே போகும்படி ஆகாமல் இருக்கத்தான் இந்த எழுத்து.

மாஸ்டர் ரூமில் கணவன் மனைவி இருவர். ஒரு பங்கா, இரண்டா?

இணையத்துக்குத் தலைக் கணக்கு, ஆகவே இரண்டு. படம் பார்க்கும் சேவையில் இருவரும் ஒரே டிவியில் ஒரே புரொஃபைலில் பார்த்தால் ஒன்று. ஆளுக்கொரு கைப்பேசியில் பார்த்தால் இரண்டு. வாடகையை அறையின் அளவு பார்த்துப் பிரித்திருப்பீர்கள், அந்தக் கணக்கை இங்கே இழுத்து வராதீர்கள்.

இது கூட்டுப் பணம் போடுவது மாதிரி ஆகிவிடாதா? சட்டச் சிக்கல் வருமா?

மலேசியாவில் கூட்டுப் பணத்தை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எல்லோரும் தவணையாகப் பணம் போட்டு, சீட்டுக் குலுக்கியோ ஏலம் விட்டோ முறை வைத்தோ ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதுதான் கூட்டு. சந்தாவில் சேரும் காசு அப்படியே சேவைக்குப் போகிறது, யாரும் மொத்தமாக எடுப்பதில்லை. ஆகவே இது அதுவல்ல. ஆனால் “மாதம் ஐம்பது ஐம்பது போடுவோம், சந்தா போக மிச்சத்தை மாதம் ஒருவர் எடுத்துக்கொள்வோம்” என்று யாராவது ஆரம்பித்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பாஸ்வேர்ட் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மற்ற எதற்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டாக இருக்கட்டும். உங்கள் வங்கிக் கணக்கோடு சேர்ந்த மின்னஞ்சலை இதற்கு வைக்காதீர்கள், வீட்டுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். ஓடிபியைப் படித்துச் சொல்லுமுன் அது எந்தச் சேவையிலிருந்து வந்தது என்று பாருங்கள், நண்பர் பெயரில் மோசடிக்காரர் கேட்பதும் நடக்கிறது. ஒருவர் விலகிய மாதம் முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றிவிடுங்கள். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று முன்பே சொல்லி வைத்துவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது.

இணையத்தில் யாரோ பத்து வெள்ளிக்கு ஒரு புரொஃபைல் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். அது திருடிய கணக்காகவும் இருக்கலாம், நாளை காலை வேலை செய்யாமலும் போகலாம். முகம் தெரியாதவரிடம் காசைத் திரும்பக் கேட்க வழியில்லை.

சாட்ஜிபிடி மாதிரி செயலியின் சந்தாவைப் பங்கிடலாமா?

கணக்கின் பாஸ்வேர்டை மற்றவரோடு பகிரக்கூடாது என்று அதன் விதியே சொல்கிறது. விதி இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒருவர் வேலைக்கான விண்ணப்பக் கடிதம் எழுதியிருப்பார், இன்னொருவர் உடம்பில் உள்ள தொந்தரவைக் கேட்டிருப்பார். ஒரே கணக்கில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

அம்மா அப்பா வீட்டு ஆஸ்ட்ரோ டிவி பில்லை நாங்கள் அண்ணன் தம்பிகள் பங்கிடுகிறோம். அதற்கும் இதே கணக்கா?

அங்கே பயன்பாட்டைப் பார்க்காதீர்கள். தைப்பிங்கில் இருக்கும் அம்மா தொடர் பார்க்கத்தான் அந்தச் சந்தா, ஆகவே பிள்ளைகள் முடிந்த அளவுக்குப் போடுங்கள். ஆனால் ஒருவர் பெயரில் தானாகப் பிடித்துவிடும் ஏற்பாடு இருந்தால் மற்றவர்கள் அவருக்கு மறக்காமல் அனுப்ப வேண்டும். குடும்பம் என்பதால் கணக்குக்காரர் வாய்விட்டுக் கேட்க இன்னும் கூசுவார். இளையவர்கள் தாங்களாக முன்வந்து “அண்ணே, இந்த மாசம் எவ்ளோ?” என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாக வகுத்தால் ஒரு காசு இடிக்கிறது.

50 வெள்ளியை மூவர் பிரித்தால் ஆளுக்கு 16.67, கூட்டினால் 50.01. கடையில் ரொக்கமாகக் கட்டும்போது 5 காசுக்கு முழுமையாக்கும் முறை 2008-இலிருந்து இருக்கிறது. வங்கி வழி அனுப்பும்போது அது இல்லை, சரியாக 16.67 போகும். 16.70 ஆக்கிக்கொள்ளுங்கள், மிச்சம் கணக்குக்காரருக்கு.

எங்கள் கணக்கு ஏற்கெனவே குழம்பிக் கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கணக்குக்காரர் கடந்த மூன்று மாத ஸ்டேட்மென்டைத் திறந்து, பொதுவாக ஓடும் சந்தாக்களை மட்டும் ஒரு தாளில் எழுதட்டும். யாருமே பார்க்காத ஒன்றாவது அதில் இருக்கும், அதை அன்றே நிறுத்துங்கள். அந்த மூன்று மாதத்தில் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதைப் பார்த்து, பாக்கியை ஒரே தடவையாகவோ இரண்டு தவணையாகவோ தீர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தையதைத் தோண்ட வேண்டாம். யார் நினைவும் சரியாக இருக்காது, பேசப் பேசச் சண்டைதான் வளரும். கணக்குக்காரர் அதில் நிறைய இழந்திருந்தால் அடுத்த இரண்டு மூன்று மாதம் அவர் பங்கை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு குரூப்பில் நான்கு வரி எழுதி, எப்போதும் மேலேயே தெரியும்படி ‘பின்’ (pin) செய்யுங்கள்: எந்தச் சேவை, யார் பெயரில், ஆளுக்கு எவ்வளவு, எந்தத் தேதி. அடுத்த எட்டாம் தேதியிலிருந்து அதன்படி வாங்கத் தொடங்குங்கள்.